பவுண்டில் அடைபட்ட புகைகள்

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள், மழை வந்திருக்க வேண்டிய ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், செங்கமாரிக்குளத்துப் புகைகள் எல்லாம் வீடு திரும்பின. மேயப்போன மாடுகள் பொழுதடையத் திரும்புகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், ஓடைப்பாலத்தில் ஏறி இறங்கி, பேருந்து நிலையத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, சந்தைத் திருப்பத்தில் பிரிந்து, தத்தம் தெருவுக்குள் நுழைந்து, தத்தம் வாசலில் வந்து நின்றன. எந்தப் புகைக்கும் வழி தப்பவில்லை.

முதலில் பார்த்தவர் தளவாய். பேரூராட்சியின் மாட்டுப் பவுண்டுக்குக் காவல்காரர். அடுத்தவன் வயலில் மேய்ந்த மாட்டையும் சாலையை மறித்துப் படுத்த மாட்டையும் பிடித்துவந்து அடைத்து, உடையவன் வரும்வரை தண்ணீர் காட்டி வைத்திருப்பது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே கம்பு, அதே இரும்புக் கதவு, அதே பொய்கள். உடையவன் ஒருத்தனும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டான். “அது எங்க மாடு இல்ல அண்ணாச்சி, எங்க மாட்டுக்குக் கொம்பு வேற மாதிரில்லா இருக்கும்” என்பான். பால் கறக்கிற நேரமானால் அவனே ஓடிவந்து அதே மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். அதனால் தளவாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, “கூப்பிடும்” என்பார். கூப்பிட்ட குரலுக்கு மாடு திரும்பிப் பார்த்து நடந்துவந்தால் அவனுடையது. மனுஷன் பொய் சொல்லுவான், மாடு சொல்லாது.

அன்றைக்கு அவர் கதவைத் திறந்தபோது, உள்ளே கிடந்த இரண்டு மாடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் நடுவில் அது நின்றது. கரி இல்லை, நெடி இல்லை, கண்ணையும் எரிக்கவில்லை. கொதிக்கிற உலைக்கு மேலே காற்று நெளியுமே, அந்த நெளிவு ஓர் எருமை அளவுக்குத் திரண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதன் ஊடாகப் பார்த்தால் பின்சுவர் தெரிந்தது. கையை வைத்தால், படுத்து எழுந்த மாட்டின் விலாவைப்போல வெதுவெதுப்பாக இருந்தது. தளவாய் பயப்படவில்லை. புகையில் கரியாக இருப்பது சுவரிலும் கூரையிலும் மனுஷன் நெஞ்சிலும் படிந்துவிடும், மேலே போவது மிச்சம்தான், அந்த மிச்சம்தான் இது என்று அவருக்குப் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. போய்விட்டது என்று ஊர் நினைத்தது எதுவும் போகவில்லை. மேலே போய்க் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது, அவ்வளவுதான். போன வாரம் போனது, போன வருஷம் போனது, முப்பாட்டன் சுண்ணாம்புக் காளவாசலில் மூட்டிய முதல் நெருப்பிலிருந்து போனது, எல்லாம் அப்படியே பத்திரமாக இருந்திருக்கிறது.

எருமை அளவில் நின்ற புகைக்குத் தளவாய் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். அது குடிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் பத்து நாளைக்கு ஊர் பெருமையில் மிதந்தது. யார் வாசலில் எத்தனை பெரிய புகை என்று பார்ப்பதற்காகவே ஜனங்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். தேநீர்க்கடைக் கொம்பையாவுக்கு முப்பது வருஷத்து அடுப்பு ஒரு வண்டிக்காளை அளவுக்கு வந்து நின்றது. அவர் அதன் முதுகில் தட்டி, “என் உழைப்பு வே, என் உழைப்பு” என்றார். கார் வைத்திருந்த வீடுகளில் புகை மாடிவரைக்கும் நின்றது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் ஜெனரேட்டர் ஓட்டி ஊரையே வெளிச்சமாக்கிய வீட்டில், பெண்ணும் மாப்பிள்ளையும் பிரிந்துபோய் வருஷம் நாலான பிறகும், அந்த மூன்று நாள் புகை மட்டும் மணவறைபோல ஜோடித்துக்கொண்டு வந்து இறங்கியது. பெண் பார்க்கப் போனவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் வாசலை நிமிர்ந்து பார்த்து, புகை பெரிதாக இருந்தால் உள்ளே போனார்கள், சிறிதாக இருந்தால் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள்.

“எங்க வீட்டுல அடுப்பே கிடையாது, எல்லாம் கரண்டு, எங்களுக்கு எங்கருந்து வரும்” என்று ஏசி வைத்திருந்த மேலத்தெருக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய புகை தாமதமாக வந்தது, காரணம் தூரம். கடற்கரையில் நிலக்கரி எரிகிற இடத்திலிருந்து கிளம்பி, மின்கம்பி போன வழியே கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று, நாலு நாள் நடந்துவந்து, எந்த மீட்டர்பெட்டி எந்த வீடு என்று தப்பாமல் பார்த்து நின்றது. வந்ததிலேயே பெரிது குணசீலன் முதலாளியின் நூல் மில் புகை. அது மூன்று தெருவை ஒரே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. முதலாளி அதற்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

பவுண்டுத் தெருவில் வந்தவை ஆட்டுக்குட்டி அளவுதான். ஒரு விறகடுப்பு, ஒரு மின்விசிறி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள், அதற்கு மேல் என்ன இருக்கிறது? அந்தத் தெருக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அவற்றைக் கொல்லைப்பக்கம் கட்டினார்கள்.

பதினோராம் நாள் விடிகாலையில் தளவாய் பவுண்டின் இரும்புக் கதவில் கை வைத்தார். கதவு சூடாக இருந்தது.

அவர் நேரே கொம்பையா கடைக்குப் போனார். “இரும்பு ராத்திரி முழுக்க வெளிய நின்னா விடியும்போது சில்லுன்னு இருக்கணும் வே. வந்து தொட்டுப் பாரும். நேத்து மத்தியான வெயிலு இன்னும் அதுக்குள்ள இருக்கு. இந்தப் பொகை வெயிலை உள்ள விடுது, சூட்டை வெளிய விட மாட்டேங்கு. கம்பளி மாதிரி.”

“கம்பளின்னா குளிருக்கு நல்லதுதான?” என்றார் கொம்பையா.

“நம்ம ஊருல எந்தக் காலத்துல வே குளிரு?”

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஐப்பசியில வெயில் அடிக்கது என்ன புதுசா? நான் பள்ளிக்கூடம் போம்போதே ஒரு ஐப்பசி இப்பிடித்தான் அடிச்சுது.”

“ஒரு ஐப்பசி அடிச்சுது. இப்ப எல்லா ஐப்பசியும்லா அடிக்கி!”

“புழுங்குச்சுன்னா மழை வரும்னு அர்த்தம். மழை வந்தா எல்லாப் பொகையும் கரைஞ்சு ஓடிரும். நீரு சும்மா இரும் தளவாய். மாட்டைப் பிடிக்கவன் மாட்டைப் பிடிக்கணும்.”

ஊர் முழுக்க அதைத்தான் நம்பியது. மழை வரட்டும், கரைந்துவிடும். தளவாய் போகிற இடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார், முடிவெட்டும்போது சொன்னார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். நாலுவழிச் சாலைக்காக வெட்டிப்போட்ட நானூறு புளியமரமும் நின்றிருந்தால் இதில் பாதிப் புகையை அந்த மரங்களே மேய்ந்திருக்கும் என்று சொன்னார். பக்கத்து இலைக்காரர் கவனமாகக் கேட்டுவிட்டு, “உண்மைதான், ரசம் வரலியே இன்னும்” என்றார்.

கார்த்திகை பாதியில் மழை வந்தது. ஒரு மாசத்துக்கு மேலாகச் சூடேறிய காற்று இரண்டு மாசத் தண்ணீரையும் குடித்து வைத்திருந்து, ஒரே மத்தியானத்தில் மொத்தத்தையும் கொட்டியது. குளத்துக் கரை உடைந்தது, உளுந்து போனது, மக்காச்சோளம் போனது, ஓடைப்பாலம் இரண்டாக முறிந்து பாதி மட்டும் அந்தரத்தில் நின்றது. சாயங்காலம் மழை வெறித்தபோது ஜனங்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். புகைகள் நனையக்கூட இல்லை. அதே வாசலில், அதே இடத்தில், அதே வெதுவெதுப்போடு நின்றன.

அதற்கப்புறம்தான் ஊர் தன் புகையைத் தெரியாது என்று சொல்ல ஆரம்பித்தது.

மாலை போட்டவர்களே முதலில் துரத்தினார்கள். கதவை மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக விளக்குமாற்றை நீட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர், “அது வாடகை ஜெனரேட்டர், வாடகைக்கு விட்டவன்கிட்ட போகச் சொல்லு” என்றார். ஜெனரேட்டர்காரர், “எரிச்சது நானா, விளக்கு ஏத்தினது நீங்க” என்றார். கார் வைத்திருந்தவர் பஸ்ஸைக் காட்டினார். பஸ்ஸில் போனவர் லாரியைக் காட்டினார். லாரிக்காரர், “நான் ஏத்துன சரக்கெல்லாம் யாரு வீட்டுல கிடக்கு?” என்று கேட்டார். கேள்வி அதோடு நின்றுபோனது. எல்லாரும் கடைசியில் சேர்ந்துகொண்ட ஒரே பேச்சு, “சீமைக்காரன் விட்டதுக்கு முன்னால நம்மது எம்மாத்திரம்” என்பதுதான். அது பொய்யில்லை. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பெரும்புகைகள் ஊருக்கு மேலே உயரத்தில், யார் வீட்டுக்கும் இறங்காமல் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் வாசலில் நிற்பது வாசலில்தானே நிற்கிறது?

விரட்டப்பட்ட புகைகள் தெருவில் திரிந்தன. பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்தன, பேருந்து நிலையத்தில் பெண்கள் நிற்கிற நிழலில் ஒதுங்கின. பேரூராட்சிக் கூட்டம் அவசரமாகக் கூடியது. தலைவி ரோஸ்மேரி நல்ல மனசுக்காரி, எதையும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகவேண்டும் என்ற அவசரமும் உள்ளவள். தெருவில் ஆளில்லாமல் திரிகிற எதையும் ஊர் என்ன செய்யுமோ அதையே செய்வது என்று தீர்மானம் போட்டார்கள். பிடித்துப் பவுண்டில் அடைப்பது, உரியவர்கள் பதினைந்து நாளுக்குள் வந்து கூப்பிட்டு அழைத்துப்போவது, இல்லையென்றால் ஏலம்.

“தலைவியம்மா, பவுண்டு முப்பது மாட்டுக்குக் கட்டினது” என்றார் தளவாய்.

“பொகைக்கு எலும்பா இருக்கு அண்ணாச்சி? நெருக்கி நிறுத்துங்க.”

நெருக்கி நிறுத்தினார். பிடிக்கிற வேலை கஷ்டமாக இல்லை. துரத்தப்பட்ட புகைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கம்புக்கு முன்னால் நடந்தன. பவுண்டு நிறைந்தது, பவுண்டுச் சுவர் தாண்டி வழிந்தது, ஊரிலேயே தாழ்வான அந்தத் தெருவின் இருபத்திரண்டு ஓட்டு வீட்டையும் மூடிக்கொண்டு நின்றது. மேலத்தெருவில் சாயங்காலக் காற்று பழையபடி வீசியது. ஜனங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இப்பத்தான் ஊரு ஊரா இருக்கு” என்று பேசிக்கொண்டார்கள்.

பவுண்டை ஒட்டிய முதல் வீடு தளவாயுடையது. அந்த வீட்டுக்குத்தான் அவர் மகள் வடிவு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாசம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தான். அவள் தரையில் ஈரத்துணியை விரித்துப் படுத்திருப்பாள், துணி காய்ந்ததும் தாய் ஆவுடை மறுபடி நனைத்து விரிப்பாள், அரைமணி நேரத்துக்கொரு தரம் இது நடந்தது. கிராமச் செவிலி எஸ்தர் வந்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, தளவாயை வெளியே கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, தாய் உடம்பு கொதிச்சா உள்ள இருக்க புள்ளைக்கும் கொதிக்கும். அசைவு கொறைஞ்சிருக்கு. இவளை இந்தத் தெருவுல வச்சிருக்காதீங்க.”

வேறெங்கே வைப்பது? மேலத்தெருவில் ஆவுடையின் சித்தப்பா மகன் இருந்தான். “அக்கா, தாராளமா வரட்டும். வீட்டுக்கு இப்ப வெள்ளையடிக்கோம், அது முடியட்டும்” என்றான். வெள்ளையடிப்பு முடியவே இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியில் வெயிலில் விழுந்தவர்கள் வராந்தாவரைக்கும் கிடந்தார்கள். வலி வந்தால் வாருங்கள் என்றார்கள்.

பதினைந்து நாளும் தளவாய் பவுண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட ஒருத்தரும் வரவில்லை. ஏலத்தன்று பட்டணத்திலிருந்து ஒருவர் மட்டும் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, தோல்பை. அவர் புகைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குணசீலன் முதலாளியின் புகைக்குச் சமமாக எங்கோ ஒரு மலையில் மரம் நட்டாகிவிட்டது, ஆகையால் கணக்குப்படி அந்தப் புகை கிடையாது என்று ஒரு வழவழப்பான தாளில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதைச் சட்டம்போட்டு மில் அலுவலகத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். தாளில் இல்லாத புகை பவுண்டுத் தெருவில் நின்றது.

வடிவைப் பற்றிக் கேள்விப்பட்டு முதலாளி இரக்கப்பட்டார். பழைய ஏசி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பொருத்தினார்கள். உள்ளே குளிர்ந்தது, வடிவு ஒரு மாசத்துக்கப்புறம் அசந்து தூங்கினாள். ஏசியின் பின்பக்கம் ஊதிய அனல் சந்துக்குள் போய் எதிர்வீட்டுச் சமையல்கட்டில் இறங்கியது. நாலாம் நாள் கம்பிவழியே நடந்து ஓர் இளம்புகை வந்து, தளவாய் வீட்டு வாசலில் நின்று, இதுதானா வீடு என்பதுபோல் உள்ளே எட்டிப் பார்த்தது.

வடிவு அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். “யப்பா, இதை நிப்பாட்டுங்க. எனக்குக் குளுந்தா எதிர்வீட்டுச் சித்திக்கு வேகுது. அவ அங்ஙன வெந்தா இன்னொண்ணு வாங்குவா. அது எங்க போய் நிக்கும்?”

“நீ பேசாம படு தாயி. ஊருக்கு இல்லாத அக்கறை ஒனக்கு எதுக்கு?” என்றார் தளவாய். ஆனாலும் நிறுத்தினார். இந்த ஊரில் ஒரு விஷயத்தை ஒரே தடவையில் புரிந்துகொண்டது தன் மகள் மட்டும்தான் என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்கழி வந்தது. பனி வரவில்லை. பத்தாம் தேதி காலை பத்து மணிக்கு, நாள் இன்னும் இருக்கும்போதே வடிவுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். முறிந்துகிடந்த ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற வண்டி, சுற்றுவழியாக வர இரண்டு மணி நேரமாகும் என்றது. எஸ்தர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கால்மணி நேரத்தில் வெளியே வந்தாள். அவள் முகத்தில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

“வண்டி வரத்துக்குள்ள பொறந்துரும். ஆனா இந்தச் சூட்டுல அவளால முக்க முடியல, மயங்கி மயங்கிப் போறா. புள்ளைத் துடிப்பு எறங்குது. ஒரு மணி நேரத்துக்குள்ள இந்தத் தெரு ஆறணும் அண்ணாச்சி. எப்பிடின்னு எனக்குத் தெரியாது.”

தளவாய் பவுண்டுக் கதவை விரியத் திறந்தார். கம்பைத் தரையில் தட்டினார். ஹேய் ஹேய் என்று இருபத்தாறு வருஷக் குரலில் கத்தினார். ஒரு புகையும் நகரவில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவை, அடிக்கு அஞ்சி வந்து அடைந்தவை, இனி உடையவன் வாயால் கூப்பிட்டாலொழிய எங்கேயும் போகமாட்டோம் என்பதுபோல் நின்றன.

கம்பைப் போட்டுவிட்டு ஓடினார். சந்தைத் திருப்பத்தில் ஊர் கூடியிருந்தது, சனிக்கிழமைச் சந்தை. நடுவில் போய் நின்று கத்தினார். “எம் மவ அங்க சாகக் கிடக்கா. வந்து ஒங்க ஒங்க பொகையைக் கூப்பிட்டுட்டுப் போங்க. ஒரு வார்த்தைதான். வந்துரும். வாங்க!”

தக்காளிக்காரி தக்காளியைப் பார்த்தாள். கார் வைத்திருந்தவர் கைபேசியைப் பார்த்தார். யாரோ, “ஐயோ பாவம்” என்றார்கள். யாரோ, “நான் ஒருத்தன் கூப்பிட்டா மட்டும் ஆறிருமா?” என்றார்கள். “அவரு கூப்பிட்டா நானும் கூப்பிடுதேன்” என்று ஒருவர் இன்னொருவரைக் காட்ட, அவர் அடுத்தவரைக் காட்ட, விரல் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கொம்பையாவிடம் நின்றது. கொம்பையா வடைச்சட்டியிலிருந்து தலை தூக்கினார்.

“எல்லாரையும் கூப்பிடச் சொல்லுதீரே, ஒம்மத எப்ப வே கூப்பிட்டீரு?”



ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஒவ்வொரு நாளும் காலையில் பவுண்டின் பின்பக்கம் பேரூராட்சிக் குப்பையைக் கொளுத்துவது யார்? பாலித்தீனும் டயரும் செத்துப்போன ஸ்கூட்டர் சீட்டுமாக, இருபத்தாறு வருஷம், ஒரு நாள் தப்பாமல்? எருமை அளவில் வந்து முதல் நாளே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதே, அதற்குத் தண்ணீர் வைத்தாரே ஒழிய, இதுவரைக்கும் ஒரு சத்தம் கொடுக்கவில்லை. பேரூராட்சி உத்தரவு, நான் வெறும் தீக்குச்சி கிழித்தவன் என்று அவரும் தனக்குள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இப்போதும் அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொல்லிமுடிக்கிற நேரத்தில் வடிவின் வயிற்றுக்குள் ஒரு துடிப்பு நின்றுவிடும் என்பதால் விழுங்கினார்.

பவுண்டுத் தெருப் பக்கம் திரும்பி, மாட்டைக் கூப்பிடுகிற குரலில், “ஏ... வா! வா என்கிட்ட! நீ என்னோடதுதான், வா!” என்றார்.

வந்தது. எருமையாக வந்தது இத்தனை நாளில் வளர்ந்திருந்தது. காலையில்கூடக் குப்பை எரிந்ததல்லவா? கொம்பையாவின் வண்டிக்காளையைப்போல நாலு மடங்கு இருந்த அது சந்தைக்குள் நடந்துவந்து தளவாயின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் தோளில் வெதுவெதுப்பாக மோவாயை வைத்தது. அவ்வளவு பெரிது என்று அவரே நினைத்திருக்கவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

“என்னோடதுதான்” என்றார், எல்லாரையும் பார்த்து. “இப்ப நீங்க சொல்லுங்க.”

கொம்பையா அடுப்பை அணைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “சனியன், ஒம்ம வாயைக் கிண்டினேன் பாரும், என்னைச் செருப்பால அடிக்கணும்” என்று முனகிவிட்டு, “ஏலே வா!” என்று ஒரு சத்தம் போட்டார். காளை கிளம்பியது. அப்புறம் கல்யாண வீட்டுக்காரரும் ஜெனரேட்டர்காரரும் “நீரு கூப்பிடும்”, “நீரு கூப்பிடும்” என்று சண்டை போட்டு, கடைசியில் ஒன்றாகக் கூப்பிட, மணவறை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதியாக நடந்தது. தக்காளிக்காரி ஒரு குட்டியைக் கூப்பிட்டாள். கார்க்காரர் யாருக்கும் கேட்காதபடி கூப்பிட்டார், புகைக்குக் கேட்டது. நாலுவழிச் சாலையின் புகையை யார் கூப்பிடுவது என்று தகராறு வந்தபோது, தலைவி ரோஸ்மேரி, “அதுல போகாதவுக யாரு இருக்கா?” என்று கேட்டு முதல் சத்தம் கொடுத்தாள். அது ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்தது. ஒருத்தரும் மனசாரக் கூப்பிடவில்லை. திட்டிக்கொண்டும், அடுத்தவன் புகை தன்னுடையதைவிடப் பெரிதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டும், இன்னும் கொஞ்ச நாள் பவுண்டிலேயே இருந்திருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டும்தான் கூப்பிட்டார்கள். புகைகளுக்கு அது போதுமாக இருந்தது. வரிசை வரிசையாகப் பவுண்டுத் தெருவைவிட்டு மேலேறிப் போயின.

தளவாய் வீட்டுக்கு ஓடத் திரும்பினார். இரண்டு எட்டு வைத்ததும் முதுகுப்பக்கம் வெதுவெதுப்பு கூடவே வந்தது. நின்றார். அவர் போகிற இடத்துக்கு அது வரும். ஒத்துக்கொண்டாகிவிட்டது, இனி துரத்த முடியாது. அவர் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்து, கரை உடைந்து வெறுமையாகக் கிடந்த குளத்துக்குள் இறங்கி, நடுவெயிலில், தன் புகைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டார். அங்கே மேய்வதற்கு நாலு கருவேல மரம்தான் இருந்தது. நாலும் தங்களால் முடிந்ததை மேய்ந்தன. ஆனால் அது மலையைக் கரண்டியால் வெட்டுகிற வேலை.

பன்னிரண்டு மணிக்குக் கைபேசி அடித்தது. ஆவுடை.

“பொறந்துட்டு. பொம்பளப் புள்ள. பொறந்து ரொம்ப நேரம் அழல. எஸ்தர் தட்டித் தட்டி, இப்பத்தான் அழுதா. கேக்குதா?”

கேட்டது. மெல்லிசாக, கிழிந்த துணி காற்றில் அடிக்கிற மாதிரி.

“வடிவு?”

“கிடக்கா. கண்ணு முழிச்சுட்டா. வண்டி இன்னும் வரல. புள்ள எடை கம்மி, சூடு பட்டா ஆகாதுன்னு எஸ்தர் சொல்லுதா. தெரு முக்காலும் காலியாயிட்டு. காத்து வருது. ஆனா ஒண்ணே ஒண்ணு போகல. நம்ம ஓட்டு மேலயே படுத்துக் கிடக்கு. புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது.”

“எது?”

“எதுன்னு கேக்கீங்களே. மில்லுதான்.”

“அது யாரோடதுன்னு ஊருக்கே தெரியுமே!”

“தெரியும்” என்றாள் ஆவுடை. “தெரிஞ்சு?”

தளவாய் இரண்டு மாசமாக ஊர் முழுக்க எடுத்துச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதெல்லாம், ஜனங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துவிட்டால் போதும் என்ற நினைப்பில்தான். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய வண்டலைத் தட்டினார். பேத்தியைப் பார்க்க ஆசையாக இருந்தது. வீட்டுப்பக்கம் போகவில்லை. குளத்துக் கரையேறி, பருத்திக் காட்டு வழியாகக் குறுக்கே நடந்து, நூல் மில்லின் பெரிய கதவுக்கு முன்னால் போய், கார் போகிற வழியை மறித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த புகை, கதவையும் காவல் கூண்டையும் அலுவலக ஜன்னல்களையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. காவலாளி சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டே வெளியே வந்தான்.

“யோவ், உள்ள முதலாளிக்கு வேகுதாம். கேக்கச் சொன்னாவ. யாரு பொகை இது?”

“என்னோடது” என்றார் தளவாய். “அவரோடது எம் பேத்தி தலைமாட்டுல நிக்கி. வந்து கூப்பிடச் சொல்லும்.”